இழுக்க இழுக்க இறுகுவது

விருத்தாசலத்தில் கடல் கிடையாது. மணிமுத்தாறு உண்டு, ஆண்டில் பல மாதம் அதில் மணல்தான் ஓடும். மழைக்காலத்தில் தண்ணீர் வந்தால் கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் போகும். பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன இந்த உள்நாட்டு ஊரிலிருந்து கப்பல் கயிறுகளைப் பற்றி எழுத எனக்கு வழிகாட்டியது ஒரு சிறு பீங்கான் துண்டு. மின்கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் நடுவே முட்டை வடிவில் ஒன்று தொங்குமே, அதுதான்.

அந்த முட்டையில் இரண்டு துளைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுகின்றன. மேலிருந்து வரும் கம்பி ஒரு துளையில் நுழைந்து வளைந்து திரும்பும். கீழிருந்து வருவது மற்றதில். இரண்டு வளையங்களும் சங்கிலிக் கண்ணிபோல ஒன்றையொன்று தழுவி நிற்க, இடையில் பீங்கான் சிக்கியிருக்கும். பீங்கானை இழுத்தால் எளிதில் உடையும், நசுக்கினால் எளிதில் உடையாது. சூளை வேலை செய்கிற எவருக்கும் இது தெரியும். கம்பத்தின் இழுவை முழுவதும் இங்கே நசுக்கலாக மாறிப் பீங்கானில் இறங்குகிறது. அப்படியும் அது உடைந்துபோனால் வளையங்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும், கம்பம் விழாது.

கயிற்றைக் கயிற்றோடு பின்னிச் சேர்ப்பதும் இதே கொள்கைதான். கப்பலில் இதை ஸ்ப்ளைஸ் என்பார்கள். முடிச்சுப் போடாமல், கயிற்றின் புரிகளைப் பிரித்து, அதே கயிற்றின் உடலுக்குள் நுழைத்து, நுனியில் ஒரு கண்ணோ இரு துண்டுகளுக்கு நடுவே ஒரு மூட்டோ உண்டாக்குவது. பசை, ஆணி எதுவும் கிடையாது. இழுக்கும்போது புரிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன, நெருக்கம் உராய்வாகிறது, உராய்வு பிடித்துக்கொள்கிறது. பாரம் ஏற ஏறப் பிடி இறுகும். ஸ்ப்ளைஸ் செய்யக் கடினம் என்று சொல்லப்படும் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி தளர்ந்திருப்பது தெரியும். ஒன்று வழுக்கும், ஒன்று வளையாது, ஒன்றுக்கு வெளியே தோல் உள்ளே சதை என்று இரண்டு உடல். தளர்வு எங்கே என்று அறிந்தவருக்கு எந்தக் கயிற்றை எப்படிச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

முடிச்சே போதாதா என்று கேட்கலாம். முடிச்சில் கயிறு கூர்மையாக வளைகிறது. வளைவின் வெளிப்புற இழைகள் அளவுக்கு மீறி இழுபட, உட்புற இழைகள் சும்மா கிடக்கும். முடிச்சின் வகையைப் பொறுத்துக் கயிற்றின் வலிமையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை அங்கேயே போய்விடும். நல்ல ஸ்ப்ளைஸ் பத்தில் ஒன்பது பங்கைக் காப்பாற்றும். பத்து டன் தாங்கும் கயிறு வாங்கி முடிச்சுப் போட்டவர் ஆறு டன் கயிற்றைத்தான் பயன்படுத்துகிறார். விலை கொடுத்ததோ பத்து டன்னுக்கு.

தொடங்க வேண்டியது தேங்காய்நாரிலிருந்து. எங்கள் ஊர் விருத்தகிரீசுவரர் கோயில் மாசிமகத் தேரோட்டத்தில் ஐந்து தேர்கள் வரும். வடம் பிடித்தவர்களுக்கு உள்ளங்கையில் நார் உரசிய எரிச்சல் இரண்டு நாளைக்கு இருக்கும். கையை எரிக்கும் அந்தச் சொரசொரப்புதான் கயிற்றைப் பின்னுகிறவனுக்கு வரம். சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடத்தைக் கடந்த மசூலாப் படகுகளின் பலகைகளை ஆணி இல்லாமல் தைத்துப் பிடித்ததும், கட்டுமரத்தின் மரங்களை ஒன்றாகக் கட்டியதும் இந்த நாரே. முப்புரித் தேங்காய்நார்க் கயிற்றில் கண் போட, நுனியின் மூன்று புரிகளையும் பிரித்து, முறுக்குக்கு எதிர்த்திசையில், ஒரு புரிக்கு மேலே அடுத்த புரிக்குக் கீழே என்று நுழைத்துக்கொண்டே போக வேண்டும். இயற்கை நாருக்கு மூன்று சுற்று போதும். தண்ணீர் பட்டால் நார் இன்னும் இறுகும். இதற்கு மேல் எளிதான பாடம் கயிற்றுலகில் இல்லை. பிறகு வந்த ஒவ்வொரு கயிறும் இந்த மூன்று சுற்றைப் பொய்யாக்கிக்கொண்டே போனது.

முதலில் பொய்யாக்கியது பிளாஸ்டிக். நம் துறைமுகக் கடைகளில் கயிற்றை எடைபோட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர் எல்லாவற்றையும் நைலான் கயிறு என்றே சொல்கிறார். குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. நீலத்திலும் பச்சையிலும் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். கண்டுபிடிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். அந்த இரண்டும் மிதக்கும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.91, நைலானுடையது 1.14, பாலியெஸ்டருடையது 1.38. சிறிய வேறுபாடாகத் தோன்றலாம், ஆனால் கயிற்றின் குணமே இதில் பிரிகிறது. நைலான் அறுந்துபோகும் முன் தன் நீளத்தில் மூன்றிலொரு பங்குகூட நீளும். அலையில் படகு துள்ளும்போது வரும் வெட்டிழுப்பை விழுங்கிக்கொள்ளும். நனைந்தால் அதன் வலிமையில் பத்திலொரு பங்குக்கு மேல் குறையும். பாலிபுரொப்பிலீன் நனைவதால் கெடாது, வெயிலில் கெடும். மேல் இழைகள் வெளிறி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் நிலை வந்த கயிற்றில் எவ்வளவு திறமையாகப் பின்னினாலும் பயன் இல்லை.

பிளாஸ்டிக் கயிற்றில் இரண்டு தொல்லை. புரியைப் பிரித்ததும் அது சுருள்வில்போல எகிறித் தன் முறுக்கை விட்டுவிடும். ஆகவே பிரிக்கும் முன்பே ஒவ்வொரு நுனியையும் டேப் சுற்றிக் கட்டிவிட வேண்டும். மற்றது வழுக்கல். நாரில் போட்ட மூன்று சுற்றை இதில் போட்டால், பாரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி, புரிகள் மெல்ல நழுவி வெளியே வந்துவிடும். ஐந்து சுற்றாவது வேண்டும். நுனிகளையும் ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். நம் படகுகளில் அவிழ்ந்துபோகும் கண்களை எடுத்துப் பார்த்தால் பலவற்றில் மூன்று சுற்றுதான் இருக்கும். அப்பாவிடம் கற்ற கணக்கு அது. அப்பாவின் கயிறு வேறு.

அடுத்துக் கப்பலைத் துறையில் கட்டும் எட்டுப்புரிக் கயிறு. நான்கு புரி வலமுறுக்கு, நான்கு புரி இடமுறுக்கு. இரண்டிரண்டாகச் சேர்த்துச் சடை போட்டிருப்பார்கள். முறுக்கு இரு பக்கமும் சமமாக இருப்பதால் இது சுருண்டு முண்டு விழாது. பார்த்தால் மிரட்டும், பின்னினால் மிரட்டாது. ஒரே விதிதான்: இணையோடு இணை போக வேண்டும், வலம் வலத்தோடும் இடம் இடத்தோடும். பிரிக்கும் முன் இடமுறுக்கு இணைகளில் மையால் கோடு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோடு போடாமல் ஆரம்பித்தவர் மூன்றாவது சுற்றில் வழி தெரியாமல் எல்லாவற்றையும் உருவ நேரிடும். நான்கு புரியும் நடுவே ஒரு திரியும் உள்ள கயிறு, மூன்று கயிறுகளைத் திரித்து ஒன்பது புரியாக்கிய வடம் ஆகியவையும் பழைய கப்பல் நூல்களில் வரும். இன்று நம் கரையில் அவற்றைக் காண்பது அரிது.

உண்மையான கடினம் இரட்டைப் பின்னலில் தொடங்குகிறது. பாலியெஸ்டரிலோ நைலானிலோ வெளியே ஒரு சடை, அதற்குள் இன்னொரு சடை. பாரத்தை இரண்டும் ஏறக்குறையப் பாதிப்பாதி சுமக்கின்றன. இங்கே புரியின் கீழே புரியை நுழைப்பது என்ற பேச்சே இல்லை. வெளித்தோலை உட்கயிற்றுக்குள்ளும் உட்கயிற்றை வெளித்தோலுக்குள்ளும் செலுத்த வேண்டும். பாவாடைக்கு நாடா கோக்கிறவர் ஊக்கை மாட்டித் துணியைச் சுருக்கி, நகர்த்தி, நீவிவிடுவாரே, அந்த வேலைதான். ஊக்கின் இடத்தில் ஃபிட் என்ற கூர்ந்த குழல். அதன் பெயரே அளவாகவும் ஆகிவிட்டது: கயிற்றின் விட்டத்தைப்போல 21 மடங்கு ஒரு ஃபிட் நீளம். எங்கே கோடு போடுவது, எங்கே உட்கயிற்றை வெளியே எடுப்பது, எவ்வளவு புதைப்பது எல்லாம் இந்த அளவில்தான்.

கோடுகளில் ஒரு விரற்கடை பிசகினால் கடைசியில் தெரியும். தோலும் உள்ளும் குறுக்கிடும் இடத்தில் ஒரு புடைப்பு நிற்கும், எவ்வளவு நீவினாலும் உள்ளே போகாது. கயிற்றைச் சில பாகம் தள்ளி ஒரு முடிச்சுப் போட்டு, தோலும் உள்ளும் ஒன்றன்மேல் ஒன்று நழுவாமல் நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்த முடிச்சை மறந்தவரின் ஸ்ப்ளைஸ் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் தோல் தளர்ந்து, பாரம் முழுக்க உள் சடையில் ஏறி, பாதி வலிமையில் அறும். இந்த வகைப் பிழையைத்தான் நான் அஞ்சுகிறேன். வெளியே தெரிகிற பிழையைச் சக மாலுமி பார்த்துச் சொல்லிவிடுவார். உள்ளே இருப்பதை எவரும் பார்க்க முடியாது.

பழைய இரட்டைப் பின்னல் இன்னும் கொடியது. உப்பேறி, பாரத்தில் பலமுறை இறுகி, கட்டைபோல ஆகிவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கி, கையால் பிசைந்து இளக்கிய பிறகே ஃபிட் உள்ளே போகும். அப்படியும் போகாவிட்டால் அந்தக் கயிற்றை விட்டுவிடுவதே நல்லது. சுத்தியால் அடித்து ஏற்றிய ஸ்ப்ளைஸில் எத்தனை இழை அறுந்தது என்று அடித்தவருக்கே தெரியாது.

இனி, நாம் வாழும் காலத்தின் கயிறு. நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் 1970களின் இறுதியில் உருவாகி 1990 வாக்கில் தொழிற்சாலை உற்பத்திக்கு வந்த டைனீமா. வேதியியலில் இது அதே பாலிஎத்திலீன்தான். காய்கறி வாங்கும் பையின் உறவுக்காரர். மூலக்கூறுகள் மிக நீளமாக, எல்லாம் ஒரே திசையில் படுத்திருப்பதால் எடைக்கு எடை எஃகைப் பலமடங்கு மிஞ்சும். தண்ணீரில் மிதக்கும். நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்கு மேல் நீளாது. ஆனால் 150 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். வழவழப்போ சொல்லி மாளாது, பாலியெஸ்டரின் உராய்வில் ஏறக்குறையப் பாதிதான். இதில் முடிச்சுப் போட்டால் வலிமையில் பாதிக்கு மேல் போவதோடு, முடிச்சே வழுக்கி அவிழும். ஆக, இந்தக் கயிற்றுக்கு ஸ்ப்ளைஸைத் தவிர வேறு கதி இல்லை.

பன்னிரண்டு புரியில் உள்ளீடற்ற சடையாக வருகிற இதைச் சேர்ப்பது வேலையில் எளிது. வாலைச் சடைக்குள் நுழைத்துப் புதைத்துவிட வேண்டும், அவ்வளவே. இழுக்கும்போது சடை மெலிந்து உள்ளே இருக்கும் வாலை நெரிக்கும். எங்கள் பீங்கான் முட்டை செய்வது இதைத்தான். உராய்வு குறைவாக இருப்பதால் நெரிக்கும் நீளத்தைக் கூட்டி ஈடுசெய்கிறார்கள்: புதைக்கும் நீளம் விட்டத்தைப்போல 72 மடங்கு என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. 20 மில்லிமீட்டர் கயிறென்றால் 1.44 மீட்டர். முதல்முறை கேட்பவர் இவ்வளவு கயிறு வீணா என்பார். கயிற்றின் விலையைப் பார்த்துப் புதைக்கும் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் கண் திறந்துகொள்ளும்.

இரண்டு நுணுக்கங்கள் இதில் உயிர்நாடி. புதைத்த வாலின் முடிவை அப்படியே மொட்டையாக விடக்கூடாது. புரிகளை ஒவ்வொன்றாக வெட்டி எலிவால்போலக் கூர்த்திக் கொண்டுபோக வேண்டும். மொட்டையாக முடிந்தால் அந்த இடத்தில் சடை சட்டென்று தடிமன் மாறி வளையும். அறுவது அங்கேதான் அறும். மற்றது, பாரமில்லாத நேரத்தில் பிடி தளர்ந்து வால் வெளியே நகரும் அபாயம். அலையில் தளர்ந்து தளர்ந்து ஆடும் கயிற்றில் இது நிச்சயம் நடக்கும். அதற்காகத் தைத்துப் பூட்டுவார்கள், அல்லது வாலும் உடலும் ஒன்றையொன்று ஊடுருவும் பிரம்மல் பூட்டைப் போடுவார்கள். பூட்டு பாரத்தைச் சுமப்பதில்லை, காவல் மட்டும் காக்கும். பூட்டு இருக்கிறதே என்று புதைக்கும் நீளத்தைக் குறைக்கிறவர்கள் உண்டு. அது தாழ்ப்பாள் போட்டிருக்கிறதே என்று சுவரை இடிப்பது மாதிரி.

சாதாரணக் கத்தரி இந்த நாரைக் கடித்து மழுங்கும். ஜிர்கோனியா என்ற பீங்கானில் செய்த அலகு வெட்டும். இழைகளைத் திரிக்கும் இயந்திரங்களிலும், ஓடும் நூல் உலோகத்தை அரித்துவிடும் என்பதால், நூலை வழிநடத்தும் வளையங்களை அலுமினா பீங்கானில் செய்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்தின் களிமண்ணில் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது, கயிறும் பீங்கானும் நான் நினைத்ததைவிட நெருங்கியவை என்று தோன்றியது.

டைனீமாவின் மேல் பாரம் சுமக்காத உறை ஒன்றைப் போர்த்தினால் கதை மாறும். உறை உரசலிலிருந்து காக்கும். கூடவே உள்ளே நடப்பதை மறைக்கும். 2015 மார்ச் 2ஆம் தேதி வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனில் ‘சர்கா’ என்ற எரிவாயுக் கப்பலைத் துறையில் கட்டும்போது இப்படிப்பட்ட கயிறு அறுந்து திரும்பி அடித்தது. மேல்தளத்தில் நின்ற அதிகாரிக்குத் தலையில் கடும் காயம். உறைக்குள் இழைகள் நெடுவாக்கில் நசுங்கி நைந்திருந்ததை விசாரணை காட்டியது. நீளாத கயிறு அறுந்தாலும் திரும்பி அடிக்காது என்று பலரும் நம்பியிருந்தார்கள். அதன் நுனியில் கோத்திருக்கும் நெகிழும் வால்கயிறு சேர்த்துவைத்த இழுவிசையை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. இத்தகைய கயிற்றைச் சேர்க்கும்போது உறையை உரித்து, உள்ளுடலைத் தனியாகப் புதைத்து, உறையை மறுபடி போர்த்த வேண்டும். உறையைப் பிடித்து இழுத்துப் பார்த்து ஸ்ப்ளைஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளே இல்லை.

1965இல் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் போன்ற அராமிட் இழைகளுக்கு வெப்பம் பெரிதல்ல. கூர்மையான வளைவும் வெயிலும்தான் ஆகாது. அவற்றின் கண்ணுக்குள் அகலமான திம்பிள் வளையம் இல்லாமல் வேலை செய்யக்கூடாது.

இழுவலைப் படகின் வின்ச்சில் சுற்றியிருப்பது எஃகுக் கம்பி ரோப். 6×19 என்றால் ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி, ஆக 114 கம்பி. இதைக் கையால் சேர்ப்பவர்கள் மார்லின் ஸ்பைக் என்ற இரும்பு முளையால் புரியைத் தூக்கி, அடுத்த புரியைச் செருகுகிறார்கள். முறுக்கின் போக்கிலேயே ஒரே புரியைச் சுற்றிச் சுற்றிச் செருகும் லிவர்பூல் முறை விரைவானது, பார்க்க வழவழப்பானது. ஆனால் பாரம் சுதந்திரமாகச் சுழல விட்டால் ரோப் முறுக்கவிழும். கூடவே செருகிய புரிகளும் திருகாணிபோலக் கழன்று வரும். அதனால்தான் நம் நாட்டின் 1990ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் முழுப்புரியில் மூன்று செருகலும், கம்பிகளில் பாதியை வெட்டிவிட்டு இரண்டு செருகலும், எல்லாம் முறுக்குக்கு எதிராகவும் இருக்க வேண்டும் என்கின்றன. வேறு முறை இதற்கு நிகரானது என்று காட்டினால் மட்டுமே விலக்கு. பாதியை வெட்டுவது டைனீமாவின் எலிவாலுக்கு உள்ள அதே காரணத்துக்காக. தடிமன் படிப்படியாக இறங்க வேண்டும். சுழலாமல் இருப்பதற்காக உள்ளடுக்கும் வெளியடுக்கும் எதிரெதிராகத் திரித்த கம்பிகளைக் கையால் சேர்க்கவே கூடாது. உலோகக் குப்பியில் அழுத்திப் பிடிப்பதே அவற்றுக்கு உரிய வழி.

கம்பியும் பிளாஸ்டிக்கும் கலந்த ரோப்தான் கைக்கு எதிரி. வெளியே மென்மையாக இருக்கும். உள்ளே அறுந்த கம்பி தூண்டில்முள்ளாகக் காத்திருக்கும். தோல் கையுறை இல்லாமல் இதைத் தொடுகிற இளைஞர்களைக் காணும்போது கோபம்தான் வருகிறது, அவர்கள்மேல் அல்ல.

சொல்லிக்கொடுக்க இடமில்லாமல் இல்லை. மீன்பிடிக் கப்பல் பணிக்குப் பயிற்சி தரும் சிஃப்நெட் 1963இல் கொச்சியில் தொடங்கியது, சென்னையிலும் இயங்குகிறது. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008இல் வந்தது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் வந்தது. 2024 ஜனவரி 1 முதல் பன்னாட்டு விதிகளின்படி, எந்த ஆண்டில் கட்டிய வணிகக் கப்பலானாலும் கட்டுகயிறுகளைச் சோதித்துப் பதிவேடு வைக்க வேண்டும். இந்த அறிவெல்லாம் பெரிய கப்பலுக்குப் போகிறவரைச் சேர்கிறது. தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவரை எட்டுவதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கரையில் அவரவர் படகை அவரவர் கயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தக் கயிறு, எத்தனை சுற்று என்பது அந்த இரவில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

தமிழில் படம்போட்டு இதை விளக்கும் கையேடு ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. சொற்களுக்குப் பஞ்சமும் இல்லை. நார், இழை, புரி, முறுக்கு, சடை, வடம், வால், கண் எல்லாம் வீட்டுச் சொற்கள். ஃபிட், திம்பிள் ஆகியவற்றைக் கடற்கரை ஏற்கெனவே தன்னுடையதாக்கிக்கொண்டது. கயிறு விற்கும் கடையே ஒவ்வொரு சுருளிலும் என்ன நார், எத்தனை சுற்று, எவ்வளவு புதைக்க வேண்டும் என்று மூன்று வரி ஒட்டிக் கொடுத்தால் பாதிப் பிழை நின்றுவிடும்.

அதுவரை, ஸ்ப்ளைஸ் போட்டவர் எவரும் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வால் கயிற்றுக்குள் நுழையும் கழுத்தில், வாலிலும் உடலிலுமாகக் குறுக்கே ஒரு சிவப்பு நூலைத் தைத்துவிட வேண்டும். கடலுக்குப் போய் வந்த பிறகு பார்க்கலாம். நூல் நேராக இருந்தால் பிடி நிற்கிறது. சாய்ந்திருந்தால், எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு வால் வெளியே நகர்ந்திருக்கிறது.